ஒரே சென்ட் சேலத்தில் ஒன்றாகவும் ஏற்காட்டில் வேறாகவும் மணப்பது ஏன்?

கேள்வி – அஸ்தம்பட்டிக்காரி

அனைவருக்கும் வணக்கம். அஸ்தம்பட்டியில் குடியிருக்கிறேன், ஐந்து ரோட்டுக்கு அருகே ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை. மாமியார் வீடு ஏற்காட்டில் இருப்பதால் சனி, ஞாயிறுகளில் பெரும்பாலும் மலையேறிவிடுவோம். கோகுல் சாண்டல் பவுடரும் ஒரு சிட்டிகை ஜவ்வாதும் போதும் என்று வளர்க்கப்பட்டவள்தான் என்றாலும், சில காலமாகச் சற்று விநோதமான வாசனைத் திரவியங்களையும் வாங்கிப் பூசிப் பார்த்து வருகிறேன். மலைக்கும் ஊருக்கும் மாறி மாறிப் போய்வருவதில் ஒன்று புரிந்தது: ஒரே புட்டி, இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

காலையில் வண்டியைக் கிளப்பும் முன் தெளித்துக்கொள்ளும் 4711 கொலோன், நான்கு ரோட்டுச் சிக்னலைத் தாண்டுவதற்குள் காணாமல் போய்விடுகிறது. அதே கொலோன் ஏற்காட்டில், குளித்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தால், எலுமிச்சையும் ஆரஞ்சுப் பூவுமாக இரண்டாவது காபி வரைக்கும் துணைக்கு இருக்கிறது. லாலிக் நிறுவனத்தின் ‘ஆங்க்ர் நுவார்’ இதற்கு நேர்மாறு. ஆண்களுக்கென்று விற்கப்படும் வெட்டிவேர் வாசனை அது. அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மலையில் அது, சில்வர் ஓக் மரத்தடி ஈர மண்ணைக் கிளறினால் வருகிற வாசனையாக, மிக அடக்கமாக இருக்கிறது. சித்திரை மாதத்துச் சேலத்திலோ, மின்விசிறி மட்டும் சுழலும் அறையில், எனக்கு முன்னால் அது நடந்து போகிறது. “பக்கத்தில் எங்காவது தண்ணீர்ப் பந்தல் திறந்திருக்கிறார்களா?” என்று அடுத்த மேசைக்காரர் கேட்டேவிட்டார்.

இவற்றைவிட விநோதமானது, உத்தரப் பிரதேசத்துக் கன்னௌஜிலிருந்து தம்பி வாங்கிவந்த மண் அத்தர். ஏற்காட்டில் ஒரு நாள் கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டைத் தொட்டு மணிக்கட்டில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனேன். மாமியார் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “மழை வருது போல, வாசல்ல காயற மிளகை அள்ளிடு” என்றார். வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு இரண்டு விஷயங்கள் தெரியவேண்டும். இந்த வேறுபாட்டுக்கு வெயில் மட்டும்தான் காரணமா? இத்தகைய விநோத வாசனைகளை அலுவலகத்துக்கும் டவுன் பஸ்ஸுக்கும் அன்றாடம் பூசிச் செல்பவர்கள் உங்களில் யாரேனும் உண்டா? அனுபவத்தைச் சற்று விரிவாக எழுதினால் நன்றி உடையவளாவேன்.

பதில் – ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

வணக்கம் சகோதரி. கேள்வியின் பெரும்பகுதிக்கு விடை வெப்பநிலைதான். சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன; ஆகவே ஒரே பொழுதில் இரண்டுக்கும் இடையே ஏழெட்டு டிகிரி செல்சியஸ் வேறுபாடு இருப்பது இயல்பு. வெப்பம் ஏற ஏற ஆவியாகும் வேகமும் ஏறும் என்பது பள்ளிப் பாடம். எலுமிச்சை, அதன் இனத்தைச் சேர்ந்த பெர்கமாட் போன்றவற்றின் எண்ணெயில் உள்ள சிறிய மூலக்கூறுகள் முதலில் பறந்துவிடும். கொலோனில் பெரும்பங்கு இவைதான். அதிலும் மணப்பொருளின் அளவு பொதுவாக நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு மட்டுமே, மீதியெல்லாம் ஆல்கஹாலும் தண்ணீரும். நான்கு ரோடு வரை தாக்குப்பிடித்ததே பெரிது.

வெட்டிவேர் எண்ணெய் வேறு வகை. அதன் மூலக்கூறுகள் கனமானவை. வேரைக் காய்ச்சி எண்ணெயை வடிப்பதற்கே நீண்ட நேரம் பிடிக்கும். குளிர்ந்த தோலில் இத்தகைய மணப்பொருள்கள் ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்களைப் போல ஒருவர்பின் ஒருவராக வெளியே வருகின்றன. சூடான தோலில் வரிசை குலைந்து எல்லோரும் ஒரே நேரத்தில் கதவை நெருக்குகிறார்கள். ஆகவே மலையில் இருமுறை தெளிப்பதைச் சேலத்தில் ஒருமுறையாகக் குறைத்து, கழுத்துக்குப் பதிலாகப் புடவைத் தலைப்பின் உள்பக்கம் தெளித்துப் பாருங்கள். துணி, தோலைப் போலச் சூடாவதில்லை.

மாமியாரின் மூக்கையும் பாராட்ட வேண்டும். முதல் மழையின் மணத்தைப் பற்றி இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1964-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். வறண்ட காலத்தில் பாறையும் களிமண்ணும் உறிஞ்சி வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள்கள், ஈரம் பட்டதும் வெளிப்படுகின்றன என்பது அவர்கள் கண்டது; உத்தரப் பிரதேசத்தில் அந்த மணத்தை அத்தராக வடித்து விற்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். இதனோடு மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும் சேர்கிறது. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். பீட்ரூட்டின் மண்வாசனைக்கும் அதுவே காரணம்.

ஓர் எச்சரிக்கை. இயற்கையான பெர்கமாட் எண்ணெயில் பெர்காப்டென் என்ற பொருள் உண்டு. அது தோலில் இருக்கும்போது கடும் வெயில் பட்டால் தோல் கருத்துத் திட்டுத்திட்டாகிவிடும். இப்போதைய தயாரிப்புகளில் அதைப் பெரும்பாலும் நீக்கிவிடுகிறார்கள் என்றாலும், கொலோனைக் கழுத்தில் தெளித்துக்கொண்டு உடனே ஸ்கூட்டரில் வெயிலுக்குள் போவதைத் தவிர்ப்பது நல்லது.

பதில் – செவ்வாய்ப்பேட்டை மளிகை

ஆசிரியர் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ‘விநோதம்’ என்று அந்த அம்மா எவற்றைச் சொல்கிறார் என்பதில்தான் எனக்கு வழக்கு. எங்கள் குடும்பத்துக்கு நாட்டு மருந்தும் பூஜைச் சாமான்களும்தான் தொழில். கடையின் மர இழுப்பறைகளைத் திறந்து மூடியே என் மூக்கு பழகியது. அயல்நாட்டு மதிப்புரைகளில் ‘துணிச்சலான’, ‘மர்மமான’ என்றெல்லாம் புகழப்படும் வாசனைகளை நண்பர்களின் தயவில் பூசிப் பார்த்தபோது, அவற்றில் பல எங்கள் இழுப்பறைகளில் தூங்குகிறவையே என்று தெரிந்தது.

அண்மையில் ஊத், அதாவது நம் அகில், என்ற பெயரில் வரும் ஒரு விலையுயர்ந்த சென்ட்டை மணிக்கட்டில் தெளித்தார்கள். முதல் சில நிமிடங்கள் தோலும் புகையுமாக ஏதோ இருந்தது. பிறகு அது அடங்கியதும் எழுந்த வாசனையில் நான் சிரித்துவிட்டேன், ஏனென்றால் அது குழந்தைக்குத் தேய்க்கும் நலங்குமாவு. காரணம் எளிது: அசல் அகில் எண்ணெயின் விலை கட்டுப்படியாகாததால், இப்படிப்பட்ட கலவைகளில் கோரைக்கிழங்கு எண்ணெயைப் பலரும் சேர்க்கிறார்கள், நலங்குமாவிலும் அதே கோரைக்கிழங்கு இருக்கிறது. அதுபோலவே ‘ஆம்பர்’ என்று சொல்லப்படும் இனிப்பான, கதகதப்பான வாசனைகளில் பெரும்பாலும் சாம்பிராணிப் பிசினும் வெனிலாவும் உண்டு. பாரிசில் அதை இரவு விருந்துக்குப் பூசிச் செல்கிறார்களாம். எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை அந்தியில் வீடு வீடாக எழும் வாசனை அது. அதைப் பூசிக்கொண்டு ஒரு கல்யாண வரவேற்புக்குப் போனபோது, எனக்கு விளக்கேற்றி முடித்த உணர்வுதான் இருந்ததே தவிர, விருந்துக்கு வந்த உணர்வே வரவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உலகமே கொண்டாடும் ஷனெல் நம்பர் 5, 1921-இல் எர்னஸ்ட் போ உருவாக்கியது; ஆல்டிஹைடுகள் என்ற செயற்கை மணப்பொருள்களை அவ்வளவு தாராளமாகக் கலந்தது அன்றைக்குப் பெரும் புதுமை. அதை என் பாட்டிக்கு முகரக் கொடுத்தேன். “சோப்பு நல்லா இருக்குடா சாமி, எந்தக் கடையில?” என்றார். பாட்டியின் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது: அந்தப் பாணியைப் பிற்காலத்தில் குளியல் சோப்புகள் சுவீகரித்துக்கொண்டன, நாமெல்லாம் முதலில் முகர்ந்தது சோப்பைத்தான். எந்த வாசனை வழக்கமானது, எது விநோதமானது என்பதை அவரவர் வளர்ந்த வீடே தீர்மானிக்கிறது என்பேன்.

நான் அன்றாடம் பூசுவதையும் கேட்டீர்கள். மரிக்கொழுந்து அத்தர். பஞ்சில் தொட்டுக் காதுமடலின் மடிப்பில் வைத்துக்கொண்டால் கடை சாத்தும் வரை இருக்கும். ஒவ்வொருவர் தோலிலும் அது வெவ்வேறாக மணக்கும் என்று வாசனைத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வதுண்டு. என் மேல் உலர்ந்த பழமும் சிறிது கசப்பும், என் தம்பி மேல் வெறும் பச்சிலை. சில நாட்களில் டியோரின் ‘ஃபாரன்ஹீட்’ பூசுவேன். 1988-இல் வந்த அதில் பெட்ரோலை நினைவூட்டும் ஒரு வாடை உண்டு. பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றிப் போகிறவனிடம் அது இருப்பதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

பதில் – மஞ்சக்குட்டை எஸ்டேட்

மலையிலிருந்து ஒரு குரல். கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்த எட்டுப் பத்து நாட்களில் காபிச் செடிகள் ஒரே நேரத்தில் பூத்துவிடும். கிளை முழுவதும் வெள்ளையாக, மல்லிகையை ஒத்த மணத்தோடு. இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் அந்தப் பூ நிற்காது. அந்த நாட்களில் தோட்டத்துக்குள் நடக்கும்போது நான் எதையும் பூசுவதில்லை. பூசினாலும் தோற்றுப்போகும் என்பது ஒரு காரணம், எங்கள் தோட்டத்தில் தேனீப் பெட்டிகள் இருப்பது இன்னொன்று. பெட்டி வைத்திருக்கும் யாரும் சென்ட் பூசிக்கொண்டு அதன் பக்கம் போகமாட்டார்கள்.

மற்ற மாதங்களில் தாராளமாகப் பூசுவேன். எனக்குப் பிடித்தது காம் தே கார்சோன் நிறுவனத்தின் ‘அவின்யோன்’. 2002-இல் அவர்கள் வெளியிட்ட தூப வரிசையில் கத்தோலிக்கக் கோயிலின் மணத்தை மனதில் வைத்துச் செய்தது. மார்கழியில், மூடுபனி சாலையில் இறங்கியிருக்கும்போது கம்பளிச் சட்டையின் மேல் அதைத் தெளித்தால், குந்திரிக்கப் புகையும் குளிர்ந்த கல்லுமாக அன்று முழுவதும் இருக்கிறது. கிறிஸ்துமஸ் வாரத்தில் எதிர்வீட்டு அம்மா, “பூசைக்குப் போயிட்டு வர்றீங்களா தம்பி?” என்று கேட்டார், நான் டீசல் வாங்கப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். இதே வாசனையை ஒருமுறை சேலத்துக்குப் பூசிச் சென்றேன். கொண்டை ஊசி வளைவுகள் இருபதும் முடிந்து அடிவாரத்தின் அனல் முகத்தில் அடித்தவுடனேயே அது தொண்டையைப் பிடித்தது. புகை வாசனைகளைக் கம்பளி போடும் ஊரில் பூசுங்கள் என்பதே என் அபிப்பிராயம்.

செவ்வாய்ப்பேட்டை நண்பருக்கு ஒரு சொல். வளர்ந்த வீடு மட்டும் போதாது. பக்கத்தில் என்ன மணக்கிறது என்பதும் கணக்கில் சேர வேண்டும். ஆத்தூர் சாலையில் மரவள்ளி அரைக்கும் பருவத்தில் சேகோ ஆலைகளின் புளித்த வாடை காற்றில் இருக்கும்போது, பூ வாசனையுள்ள எந்தச் சென்ட்டும் அழுகிய பழமாக மாறிவிடுவதைக் கவனித்திருக்கிறேன். வெட்டிவேர் மட்டும் அந்த வாடையோடு சண்டை போடாமல் ஒதுங்கி நிற்கிறது.

பதில் – இரவுப்பணி செவிலி

எல்லோரும் பூசுகிறவர் பக்கத்திலிருந்தே எழுதுகிறீர்கள். மருத்துவமனையில் நாங்கள் எந்த வாசனையும் பூசுவதில்லை. ஆஸ்துமா உள்ளவருக்கும், கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் இருப்பவருக்கும், ஒற்றைத் தலைவலிக்காரருக்கும் உங்கள் இனிய மணம் துன்பமாகலாம். ஏசி அறையில் அவர்கள் எழுந்து வேறு எங்கே போவார்கள்? இன்னொன்றும் உண்டு: தொடர்ந்து முகரும் வாசனையை நம் மூக்கு சிறிது நேரத்தில் அறியாமல் விட்டுவிடும். தனக்கு மணக்கவில்லை என்று நினைத்து மேலும் இருமுறை தெளிப்பவர்களால்தான் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் தேட வேண்டியிருக்கிறது. மாலையில் பூ மார்க்கெட்டில் மல்லிகை வாங்கி வைத்துக்கொள்ளும் பெண்களுக்குச் சென்ட் தேவையே இல்லை. பறித்த பிறகும் மல்லிகை மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், அதற்கு மேல் எதைத் தெளித்தாலும் இரண்டும் கெடும்.

மறுமொழி – அஸ்தம்பட்டிக்காரி

எல்லோருக்கும் நன்றி. செவிலி அக்கா சொன்னது உறைத்தது. எங்கள் பிரிவில் ஆஸ்துமா உள்ள ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்டுவிட்டே இனி எதையும் பூசுவேன். மண் அத்தரை வீட்டோடு வைத்துக்கொள்கிறேன். உறவினர் ஒருவர் ‘மாலிக்யூல் 01’ என்ற சென்ட் கொடுத்திருக்கிறார். எனக்கு அது மணக்கிறது, சற்று நேரத்தில் இல்லை, மறுபடியும் மணக்கிறது. என் கணவருக்கு எதுவுமே தெரியவில்லை. மூக்கில் கோளாறா, புட்டியில் கோளாறா? சேலத்துக் கோடையில் புட்டிகளை எங்கே வைப்பது என்பதையும் சொல்லுங்கள்.

பதில் – ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

இரண்டிலும் கோளாறு இல்லை. 2006-இல் வந்த அந்தத் திரவியத்தில் ஐசோ ஈ சூப்பர் என்ற ஒரே ஒரு செயற்கை மணப்பொருள்தான் இருக்கிறது. மர வாசனை போன்ற அதைச் சிலருடைய மூக்கு சரியாக உணர்வதில்லை, உணர்பவர்களுக்கும் விட்டுவிட்டே தெரியும். யாருக்கும் தொந்தரவு தராமல் அலுவலகத்துக்குப் பூச விரும்பினால் அதையே, மிகக் குறைவாக, முயன்று பாருங்கள். ஆஸ்துமா உள்ளவரைக் கேட்டுக்கொள்வது இதற்கும் பொருந்தும்.

புட்டிகளுக்கு வெயில், வெளிச்சம், காற்று மூன்றும் ஆகாது. ஜன்னல் விளிம்பிலும் குளியலறையிலும் வண்டியின் பெட்டியிலும் வைக்காதீர்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையின் மேல் பரணும் வேண்டாம். பங்குனி பிறந்துவிட்டால் அங்கே கை வைக்க முடியாது. தரைத்தளத்து மர அலமாரியின் கீழ்த்தட்டில், வந்த அட்டைப் பெட்டியோடேயே வைத்தால் போதும். கொலோனை மட்டும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைத்துக்கொள்ளலாம். அலுவலகம் முடிந்து வந்து முகம் கழுவிய பிறகு அதைத் தெளித்தால் சுகமாக இருக்கும், வெயிலும் அதற்குள் தாழ்ந்திருக்கும்.