கலிபோர்னியாவுக்குப் போகும் ஏஆர்-15: கைப்பிடியை மாற்றினால் போதுமா?

வைகைக்கரையான்:
வேலை மாற்றம் காரணமாக அடுத்த மாதம் டாலஸிலிருந்து சாக்ரமெண்டோவுக்குக் குடிபெயர்கிறேன். குடியுரிமை கிடைத்த பிறகு வாங்கிய ஏஆர்-15 ரைஃபிள் ஒன்று என்னிடம் இருக்கிறது. நீட்டிக் குறைக்கக்கூடிய ஸ்டாக் (தோளில் அண்டக் கொடுக்கும் பின்பகுதி), குழல்முனையில் சுடும் ஒளியைக் குறைக்கும் ஃபிளாஷ் ஹைடர், கைத்துப்பாக்கியில் உள்ளதுபோன்ற பிஸ்டல் கிரிப், 30 தோட்டா கொள்ளும் மேகசின்கள் (தோட்டா அடைக்கும் கூடுகள்) என்று டெக்சாஸில் பரவலாகக் காணப்படும் அமைப்புதான். இதை அப்படியே கலிபோர்னியாவுக்குள் கொண்டுவருவது குற்றம் என்று அறிவேன். கைப்பிடி முதலியவற்றை மாற்றுவதா, மேகசினைக் கழற்ற முடியாதபடி பொருத்துவதா, இரண்டில் எது உகந்தது என்பதை அங்கே வசிப்பவர்கள் விளக்க வேண்டும்.

பொன்வண்டு:
ரைஃபிள்களைப் பொறுத்தவரை, அடிப்பாகத்தின் நடுவில் தட்டினால் வெடிக்கும் சென்டர்ஃபயர் தோட்டாவைச் சுடும் அரைத்தானியங்கி வகைகளைப் பற்றியதே கலிபோர்னியாவின் தடைச் சட்டம்; விளிம்பில் தட்டினால் வெடிக்கும் .22 ரிம்ஃபயர் தோட்டாவைச் சுடும் ரைஃபிள்கள் இதில் அடங்கா. மேகசின் நிலையாகப் பொருத்தப்படாமல் இருந்து, அதனுடன் பிஸ்டல் கிரிப், கட்டைவிரல் நுழையும் துளையுள்ள ஸ்டாக், மடக்கவோ நீட்டவோ முடிகிற ஸ்டாக், ஃபிளாஷ் ஹைடர், முன்பக்கக் கைப்பிடி, குண்டு ஏவும் கருவி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அந்த ரைஃபிள் 'அசால்ட் வெப்பன்' (தாக்குதல் ஆயுதம்) என்ற தடைசெய்யப்பட்ட வகைக்குள் வந்துவிடும். மொத்த நீளம் 30 அங்குலத்துக்குக் குறைந்தாலும் அதே கதிதான்.

இங்குள்ள பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது 'ஃபீச்சர்லெஸ்' வழி, அதாவது மேற்சொன்ன உறுப்புகள் எதுவும் இல்லாதபடி மாற்றுவது. விதிமுறை பிஸ்டல் கிரிப்பை வரையறுக்கும் விதத்தைக் கவனியுங்கள்: விசையின் வெளியே தெரியும் பகுதியின் மேல்விளிம்புக்குக் கீழே, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட தோல் மடிப்பு அமரும்படி பிடிக்க முடிந்தால் அது பிஸ்டல் கிரிப். எனவே பின்புறத்தில் துடுப்புபோன்ற தகடு நீண்டிருக்கும் ஒரு கிரிப்பை மாட்டுகிறார்கள்; கட்டைவிரல் மறுபக்கம் சுற்றிவர முடியாமல் மேலேயே நின்றுவிடும். ஸ்டாக்கை நகராதபடி ஊசி அடித்து நிறுத்த வேண்டும், அல்லது நிலையான ஸ்டாக்கை வாங்கி மாட்ட வேண்டும். ஃபிளாஷ் ஹைடரைக் கழற்றிவிட்டு, பின்னுதைப்பைக் குறைக்கும் மசில் பிரேக்கையோ, மரையைக் காக்கும் மூடியையோ திருகிக்கொள்ளலாம். இவ்வளவும் செய்தால் மேகசினை வழக்கம்போலக் கழற்றி மாட்டலாம். ஆனால் அது 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது.

இந்த வேலைகள் அனைத்தையும் டாலஸிலேயே முடித்துவிட்டுப் புறப்பட வேண்டும். தடைசெய்யப்பட்ட ரைஃபிளை வைத்திருப்பதைவிட மாநிலத்துக்குள் கொண்டுவருவதற்குத் தண்டனை கடுமை: 4, 6 அல்லது 8 ஆண்டுச் சிறை. வந்து 60 நாட்களுக்குள், புதிதாகக் குடியேறியவர் என்ற முறையில் மாநில நீதித் துறைக்குத் துப்பாக்கி விவரத்தைத் தெரிவிக்கவும் வேண்டும்.

கயல்_ஓக்லண்ட்:
சட்டத்தின் சொற்களைத் திருப்திப்படுத்தி அதன் நோக்கத்தைத் தோற்கடிக்கும் வழியைத்தான் பொன்வண்டு அவர்கள் இவ்வளவு பொறுமையாக விளக்கியிருக்கிறார். 1989 ஜனவரியில் ஸ்டாக்டன் நகரத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றின் விளையாட்டுத் திடலில், தென்கிழக்காசியாவிலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களின் 5 குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 30 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். அதன் விளைவாகவே அந்த ஆண்டு ராபர்டி-ரூஸ் சட்டம் பிறந்தது. அது ரைஃபிள்களைப் பெயர் சொல்லித் தடுத்தது. விற்பனையாளர்கள் பெயரை மாற்றினார்கள். 1999இல் சட்டமன்றம் உறுப்புகளைச் சொல்லித் தடுத்தது. 'புல்லட் பட்டன்' வந்தது. மேகசினைக் கழற்றக் கருவி தேவைப்பட்டால் அது கழற்றக்கூடிய மேகசின் அல்ல என்றும், தோட்டாவும் ஒரு கருவியே என்றும் விதிமுறை சொன்னதால், தோட்டா முனையால் அழுத்தினால் மேகசின் விழும்படி ஒரு பொத்தானை அமைத்துப் பல்லாண்டு விற்றார்கள். 2015 டிசம்பரில் சான் பெர்னார்டினோவில் 14 பேர் கொல்லப்பட்டபோது, பயன்பட்ட ரைஃபிள்கள் இம்மாநிலத்தில் சட்டப்படி விற்கப்பட்டுப் பின்னர் மாற்றப்பட்டவை என்று தெரிந்தது. அடுத்த ஆண்டே புல்லட் பட்டன் ஓட்டையை அடைத்துச் சட்டம் நிறைவேறியது. இப்போது துடுப்பு வைத்த கிரிப். என் பதில் எளிது: டெக்சாஸிலேயே விற்றுவிட்டு வாருங்கள்.

நெல்லைக்காரன்:
சட்டத்தின் நோக்கம் உயிர்களைக் காப்பது என்றால், அந்த நோக்கத்துக்கும் கட்டைவிரல் நிற்கும் இடத்துக்கும் என்ன தொடர்பு என்று கயல் அவர்கள் விளக்க வேண்டும். ரூகர் மினி-14 என்ற ரைஃபிள் அதே .223 தோட்டாவைச் சுடுகிறது, ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் ஒரு தோட்டா, மேகசினைக் கழற்றலாம். பழைய பாணி மரக்கட்டை ஸ்டாக்குடன் வரும் மாதிரி கலிபோர்னியக் கடையில் சட்டப்படி கிடைக்கிறது. தோட்டாவின் வேகமும் அது உடலில் ஏற்படுத்தும் காயமும் வேறாகிவிடுமா? தோற்றத்தைத் தண்டிக்கும் சட்டம் இது. 2021இலும் 2023இலும் மில்லர் வழக்கில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்ற நீதிபதி ரோஜர் பெனிடெஸ் இந்தத் தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று இருமுறை தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்ததனால்தான் சட்டம் இன்னும் மூச்சு விடுகிறது.

அதைவிட முக்கியம், துடுப்புக் கிரிப்பைப் பிடித்துச் சுட்டுப் பாருங்கள். கட்டைவிரல் சுற்றிவராததால் வலதுகையின் பிடி தளர்கிறது. பாதுகாப்பு நெம்புகோலை நகர்த்தக் கையை இடம் மாற்ற வேண்டியிருக்கிறது. நேர்மையானவன் கையில் இருக்கும் ரைஃபிளைக் கட்டுப்படுத்தக் கடினமானதாக ஆக்கியதுதான் இந்தச் சட்டத்தின் ஒரே சாதனை.

கயல்_ஓக்லண்ட்:
நெல்லைக்காரன் அவர்களே, முதல் பத்தியில் இவை வெறும் தோற்றம் என்கிறீர்கள். இரண்டாவது பத்தியில் இவை இல்லாவிட்டால் கட்டுப்பாடு குறைகிறது என்கிறீர்கள். இரண்டில் ஒன்றுதானே உண்மையாக இருக்க முடியும்? பிஸ்டல் கிரிப்பை ராணுவங்கள் அழகுக்காக ஏற்றுக்கொள்ளவில்லை. குழல் மேலெழும்பாமல் அடுத்தடுத்து வேகமாகச் சுட உதவுகிறது என்பதால்தான் ஏற்றுக்கொண்டன. கூட்டத்தை நோக்கிச் சுடுபவனுக்கும் அதே உதவி கிடைக்கிறது.

பொன்வண்டு:
அந்தக் கத்தி இருபக்கமும் வெட்டும், கயல் அவர்களே. உறுப்புகள் ஆபத்தைக் கூட்டுகின்றன என்பது உங்கள் வாதமானால், அவற்றைக் கழற்றிய ரைஃபிள் அந்த அளவுக்கு ஆபத்துக் குறைந்தது; அதாவது சட்டம் கேட்டது கிடைத்துவிட்டது. பிறகு அதை ஏமாற்று என்று எப்படிச் சொல்ல முடியும்? புல்லட் பட்டனை ஏமாற்று என்று நானும் ஒப்புக்கொள்வேன், ஏனென்றால் அங்கே மேகசின் மாற்றும் வேகம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. இதுவோ பிடியையே மாற்றுகிறது. சுடுதளத்தில் இந்தக் கிரிப்பைப் பற்றி எல்லாரும் முணுமுணுப்பதே அது வேலை செய்கிறது என்பதற்குச் சான்று.

கேள்வி கேட்டவருக்கு ஒரு வார்த்தை. நிலையான மேகசின் வழியைத் தேர்ந்தெடுத்தால் பிஸ்டல் கிரிப், ஸ்டாக், ஃபிளாஷ் ஹைடர் எல்லாம் அப்படியே இருக்கலாம். கேட்பதற்கு இனிப்பாக இருக்கும். ஆனால் 2017 முதல், துப்பாக்கியின் இயக்கப் பகுதியைப் பிரிக்காமல் மேகசினைக் கழற்ற முடியக் கூடாது. நடைமுறையில் பின்பக்க ஊசியை இழுத்து மேல்பகுதியைத் தூக்கிய பிறகே மேகசின் விடுபடும். ஒரு தோட்டா உள்ளே இருக்கும்போதே இன்னொன்று ஏறி, தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி மூடும் போல்ட் பாதிவழியில் சிக்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ரைஃபிளில் முதலில் மேகசினை உருவிப் போடுவோம். இதில் உருவ முடியாது. மேல்பகுதியைத் தூக்கலாம் என்றால், போல்ட்டைத் தாங்கும் உலோகத் துண்டின் பின்பாதி ஸ்டாக்குக்குள் இருக்கும் குழாயில் நுழைந்து நிற்பதால் அதுவும் வராது. உள்ளே தோட்டா இருக்கும் துப்பாக்கியை மேசைமேல் வைத்துக்கொண்டு திருகுளி தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து மேசைக்காரர்கள் மெல்ல விலகிப் போவார்கள். அழகான கிரிப்புக்காக அந்த நிலைமையை விலைக்கு வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னொன்று, முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது: உங்கள் ரைஃபிளின் கீழ்ப்பகுதி ரிசீவரில், அதாவது விசையும் மேகசினும் பொருந்தும் உடற்பகுதியில், என்ன பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது?

வைகைக்கரையான்:
நிறுவனத்தின் பெயரோடு சேர்த்து 'கோல்ட் ஏஆர்-15' (Colt AR-15) என்று பொறித்திருக்கிறது. ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கினேன். அது முக்கியமா?

பொன்வண்டு:
முக்கியம் மட்டுமல்ல, மேலே நான் எழுதியது எதுவும் உங்களுக்குப் பயன்படாது. கயல் அவர்கள் குறிப்பிட்ட 1989ஆம் ஆண்டுப் பெயர்ப் பட்டியல் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதில் கோல்ட் ஏஆர்-15 உண்டு. உறுப்புகளைப் பற்றிய விதி பட்டியலில் இல்லாத ரைஃபிள்களுக்கே உரியது. பட்டியலில் உள்ள பெயர் ரிசீவரில் இருந்தால், துடுப்பு வைத்தாலும் மேகசினைப் பற்றவைத்தே மூடினாலும் அது அசால்ட் வெப்பன்தான். அன்று பதிவு செய்தவர்கள் மட்டும் வைத்திருக்கலாம். பதிவுக்கான காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஒத்த வடிவமுள்ள வேறு நிறுவன ரைஃபிள்கள் தப்பித்ததற்குக் காரணம், தயாரிப்பும் மாதிரியும் பட்டியலில் பெயரோடு இருந்தால்தான் தடை செல்லும் என்று 2001இல் ஹாரட் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னதுதான்.

உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வரிசை எண் பொறித்த கீழ்ப்பகுதி ரிசீவர்தான் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி. அதை டாலஸில் உரிமம் பெற்ற வியாபாரியிடம் விற்றுவிடுங்கள். குழலோடு கூடிய மேல்பகுதியைக் கொண்டுவரலாம். இங்கே பட்டியலில் இல்லாத ரிசீவரைக் கடையில் வாங்கி, பாதுகாப்புச் சான்றிதழ் தேர்வு எழுதி, 10 நாள் காத்திருந்து, 2024 ஜூலை முதல் வசூலிக்கப்படும் 11 சதவீதக் கூடுதல் வரியையும் கட்டிய பிறகு, துடுப்புக் கிரிப்பும் நிலையான ஸ்டாக்கும் மாட்டிய பின்னரே மேல்பகுதியைப் பூட்டுங்கள். பிஸ்டல் கிரிப்போடு ஒரு நிமிடம் பூட்டினாலும் 'தயாரித்தல்' என்ற குற்றத்துக்கு அது போதும்.

நெல்லைக்காரன்:
ஒரே வரைபடம், ஒரே உலோகம், ஒன்றின் பாகம் மற்றொன்றில் அப்படியே பொருந்தும். பக்கவாட்டில் பொறித்த எழுத்து வேறு என்பதற்காக ஒருவன் சிறைக்குப் போகலாம், மற்றவன் ஞாயிற்றுக்கிழமை சுடுதளத்துக்குப் போகலாம். இதற்குமேல் நான் வாதாட வேண்டியதில்லை.

கயல்_ஓக்லண்ட்:
இந்த ஒரு விஷயத்தில் நானும் உங்களோடு உடன்படுகிறேன், முடிவில்தான் வேறுபடுகிறேன். எழுத்தைப் பார்த்துத் தடுப்பது அபத்தம் என்றால், வாஷிங்டன் மாநிலம் 2023இல் செய்ததுபோல எந்த நிறுவனத்தின் ஏஆர்-15 ஆனாலும் விற்பனையும் கொண்டுவருதலும் கூடாது என்று நேராக எழுதிவிட வேண்டும். அப்போது துடுப்பு விற்பவர்களுக்கும் வேலை இருக்காது, பொன்வண்டு அவர்களுக்கும் இவ்வளவு தட்டச்சு செய்யும் சிரமம் இருக்காது.

வைகைக்கரையான்:
அனைவருக்கும் நன்றி. ரிசீவரை இங்கேயே விற்றுவிடுகிறேன்; புதிதாக ஒன்றை வாங்குவதா என்பதைச் சாக்ரமெண்டோவில் வீடு அமைந்த பிறகு மனைவியோடு பேசி முடிவெடுப்பேன். 30 தோட்டா மேகசின்களை மட்டும் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கலாமா?

பொன்வண்டு:
கூடாது. அவை தனியே பெட்டியில் இருந்தாலும் மாநிலத்துக்குள் கொண்டுவருவது குற்றம். 2025 மார்ச்சில் டங்கன் வழக்கில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்தத் தடையை 7க்கு 4 என்று உறுதிசெய்தது. 10 தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி நிரந்தரமாக அடைத்துவிட்டுக் கொண்டுவரச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் செலவாகும் பசையும் ரிவெட்டும் புதிய 10 தோட்டா மேகசினின் விலையோடு போட்டி போடும். ரிசீவரோடு சேர்த்து அவற்றையும் அந்த வியாபாரியிடமே கொடுத்துவிடுங்கள்.