2007 மாருதி 800: ஏற்றத்தில் சூடாகிறது

தர்மபுரியில் 2007 மாடல் மாருதி 800 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பித்தாயிற்று; 2027 வரை செல்லும். 60 ஆயிரம் கேட்கிறார்கள். அம்மாவைச் சேலம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகத்தான் வாங்குகிறேன், வழியில் நின்றுவிடக் கூடாது.

இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். ஊருக்குள் குறையே இல்லை. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் ஹீட் முள் சிவப்பைத் தொட்டது. ஆறியதும் ரேடியேட்டரைத் திறந்தால் அரை லிட்டர் தண்ணீர் குறைவு. அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஃபேன் ஓடுகிறது. ஆயிலில் தண்ணீர் கலந்தால் ஆயில் மூடியில் தெரியும் பால் மாதிரி வெளுப்பும் இல்லை. ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) என்கிறார், இன்னொருவர் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) என்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இன்ஜினைப் பிரிக்காமலே ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?