கையால் ஓட்டினால் நிறுவுகிறது, ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டில் பாதியில் நிற்கிறது

லேப்_பொறுப்பு:
வணக்கம். பொறியியல் கல்லூரி எலக்ட்ரானிக்ஸ் லேப். 60 கணினிகள், எல்லாமே விண்டோஸ் 11, ஒரே டொமைன் (ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் கணினிக் குழு). மைக்ரோகன்ட்ரோலர் போர்டுக்கு நிரல் எழுதும் மென்பொருளை எல்லாவற்றிலும் போட வேண்டும். இன்னோ செட்டப் என்ற கருவியில் செய்த இன்ஸ்டாலர், கூடவே யுஎஸ்பி டிரைவரும் வருகிறது. என் கணினியில் அட்மினாக வெரிசைலண்ட் சுவிட்ச் (திரையில் எதுவும் காட்டாமல் நிறுவச் சொல்வது) கொடுத்து ஓட்டினால் எதுவும் கேட்காமல் முடிகிறது. அதையே குரூப் பாலிசியில் (டொமைன் கணினிகள் எல்லாவற்றுக்கும் அமைப்புகளை அனுப்பும் வசதி) ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டாக, அதாவது கணினி தொடங்கும்போது தானே ஓடும்படி, வைத்தால், டாஸ்க் மேனேஜரில் செட்டப் அசையாமல் நிற்கிறது, பத்து நிமிடம் கழித்துக் காணாமல் போகிறது. திங்கட்கிழமை மாணவர்களுக்கு லேப் தொடங்குகிறது. வழி சொல்லுங்கள்.

நெட்வொர்க்_மதுரை:
ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் கணினியின் கணக்கில் ஓடும், உங்கள் கணக்கில் அல்ல. இன்ஸ்டாலர் இருக்கும் நெட்வொர்க் ஷேரில் டொமைன் கம்ப்யூட்டர்ஸ் குழுவுக்குப் படிக்கும் அனுமதி இருக்கிறதா?

லேப்_பொறுப்பு:
இருக்கிறது சார். தொடங்கத்தான் செய்கிறது, நடுவில்தான் நிற்கிறது.

பேக்கேஜர்:
தொடங்கி நிற்கிறது என்றால், ஏதோ ஒரு கேள்விப் பெட்டி திறந்து, பதில் சொல்ல ஆளில்லாமல் காத்திருக்கிறது. ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் சிஸ்டம் கணக்கில் (விண்டோஸின் சொந்தக் கணக்கு), செஷன் பூஜ்யத்தில் (பின்னணி வேலைகளுக்கான தனி செஷன்) ஓடும். விஸ்டாவிலிருந்தே அந்த செஷனில் திறக்கும் ஜன்னல் யார் திரைக்கும் வராது. அந்த ஸ்கிரிப்டுக்கு விண்டோஸ் தரும் கெடு, நீங்கள் மாற்றாதவரை, 600 நொடி. நீங்கள் சொல்லும் பத்து நிமிடம் அதுதான்.

எனக்கு டிரைவர் மேல்தான் சந்தேகம். வெரிசைலண்ட் இன்னோவின் வாயை மட்டும்தான் அடைக்கும். டிரைவரை நிறுவலாமா என்று கேட்பது விண்டோஸ். உங்கள் கணினியில் எப்போதோ டிரைவரை வெளியிட்ட நிறுவனத்தை எப்போதும் நம்பலாம் என்ற கட்டத்தில் டிக் போட்டிருப்பீர்கள், அதனால் அங்கே மறுபடி கேட்பதில்லை. தினமும் புழங்கும் கணினியில் பேக்கேஜைச் சோதிக்கவே கூடாது என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவது இதற்காகத்தான். புது விண்டோஸ் போட்ட விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஒன்றை ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு சோதனைக்கும் முன்பு அதற்குத் திரும்புங்கள்.

அந்த மெஷினில் மைக்ரோசாஃப்டின் பிஎஸ்எக்ஸெக் கருவியை எஸ், ஐ இரண்டு சுவிட்சும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். இன்ஸ்டாலர் சிஸ்டம் கணக்கில் ஓடும், ஆனால் ஜன்னல் உங்கள் திரையில் தெரியும். டிரைவர் பெட்டிதான் என்றால், டிரைவரோடு வரும் கேட் பைலின் (.cat, டிரைவரின் கையொப்பம் இருக்கும் பைல்) ப்ராப்பர்டீஸில் டிஜிட்டல் கையொப்பத்தைத் திறந்து, சான்றிதழை ஒரு பைலாக எடுங்கள். அதை குரூப் பாலிசியில் பப்ளிக் கீ பாலிசீஸுக்குள் இருக்கும் டிரஸ்டட் பப்ளிஷர்ஸில் சேர்த்து, முதலில் எல்லாக் கணினிக்கும் போக விடுங்கள். ஒன்று கவனம்: அதற்கப்புறம் அந்த நிறுவனம் கையொப்பமிட்ட எந்த டிரைவரும் கேட்காமலே உள்ளே வரும். நன்றாகத் தெரிந்த நிறுவனம் என்றால் மட்டும் செய்யுங்கள்.

அப்புறம், நோரீஸ்டார்ட் சுவிட்சைக் கட்டாயம் சேருங்கள். ரீஸ்டார்ட் தேவைப்பட்டால் வெரிசைலண்ட் யாரையும் கேட்காமல் கணினியை ரீஸ்டார்ட் செய்துவிடும். மாணவர் பாதி நிரல் எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படி நடக்கக் கூடாது.

லேப்_பொறுப்பு:
டிரைவர் பெட்டியேதான் சார்! சான்றிதழ் போனதும் ஒரு வரிசை முழுவதும் நிறுவிவிட்டது. ஆனால் இன்ஸ்டாலரில் நாம் கொடுக்கும் லைசன்ஸ் சர்வர் முகவரி மாணவர் கணக்கில் காலியாக இருக்கிறது.

பேக்கேஜர்:
நல்லது. அந்த முகவரியை இன்ஸ்டாலர் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) கரன்ட் யூசர் பகுதியில், அதாவது ஒவ்வொரு கணக்குக்கும் தனியான பகுதியில், எழுதுகிறது. நிறுவியது சிஸ்டம் கணக்கு, அதனால் சிஸ்டத்துக்கு மட்டும் போயிருக்கிறது. மென்பொருள் எல்லாக் கணக்குக்கும் பொதுவான லோக்கல் மெஷின் பகுதியையும் படிக்குமா என்று அதன் கையேட்டில் பாருங்கள். படித்தால் அங்கே ஒரே ஒரு பதிவு போதும். இல்லையென்றால் குரூப் பாலிசி ப்ரிஃபரன்ஸில், யூசர் பக்கத்தில், அதே ரெஜிஸ்ட்ரி பதிவைப் போடுங்கள். மாணவர் எந்தக் கணினியில் உட்கார்ந்து லாகின் செய்தாலும் வந்துவிடும். மற்ற வரிசைகளுக்கு அனுப்பும் முன் ஒரு சாதாரண மாணவர் கணக்கில் திறந்து பார்த்துவிடுங்கள், அட்மின் கணக்கில் அல்ல.