புதுப்பிப்பு: வண்டி எண்ணிலிருந்து வீட்டு முகவரி வரை

வாகன நிறுத்துமிடத்தில் என் தங்கையிடம் தகராறு செய்த ஒருவர், அவளுடைய ஸ்கூட்டரின் பதிவெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டே நாளில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். காவல் நிலையத்தில் புகாரை ஏற்று சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்துவிட்டார்கள். காப்பீட்டு முகவர் ஒருவரிடம் கேட்டு முகவரியை வாங்கியதாக அந்த நபர் விசாரணையில் ஒப்புக்கொண்டார்.

வாகன விவரங்களைப் பார்க்க உதவும் அரசின் எம்பரிவாகன் செயலியே முகவரியைக் காட்டிவிடுகிறது என்று நான் எழுதியது தவறு. அதில் உரிமையாளரின் பெயர்கூடச் சில எழுத்துகள் மறைக்கப்பட்டே தெரிகிறது. கசிவு வேறு வழியில் நடக்கிறது. வாகனப் பதிவு விவரங்கள் உள்ள ‘வாகன்’, ஓட்டுநர் உரிம விவரங்கள் உள்ள ‘சாரதி’ ஆகிய அரசுத் தரவுத்தளங்களை மொத்தமாக விற்பதற்கென்றே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2019 மார்ச்சில் ஒரு கொள்கையை வெளியிட்டு, வணிக நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்று விலையும் வைத்தது. 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் அணுகல் அளிக்கப்பட்டதாகவும், அதனால் 65 கோடி ரூபாய் கிடைத்ததாகவும் அதே ஆண்டு ஜூலையில் அமைச்சர் நிதின் கட்கரி நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இலேயே தீர்ப்பளித்திருந்த நிலையில் இது நடந்தது என்பதே என்னை அதிகம் வருத்துகிறது. 2020இல் கொள்கை கைவிடப்பட்டது. ஆனால் கைமாறிய தரவு அதனால் அழிந்துவிடாது.

முகவரைப் பற்றி அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் எழுத்து மூலம் புகார் அளித்திருக்கிறோம். தங்கை இப்போது பேருந்தில்தான் வேலைக்குப் போகிறாள்.