டிராக்டர், ரோட்டவேட்டர் பராமரிப்பு நோட்டு: என்ன எழுதுகிறீர்கள், எங்கே வைக்கிறீர்கள்?

வடுவூர்க்காரன் கேட்டது:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். எங்களிடம் 45 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று, பிளேடு சுழன்று மண்ணைக் கிளறும் 6 அடி ரோட்டவேட்டர், ஒன்பது கொத்துக் கலப்பை, சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புக் கேஜ் வீல், ஒரு டிப்பர் இருக்கின்றன. சொந்த நிலம் 7 ஏக்கர்தான். மீதியெல்லாம் ஊருக்குள் வாடகை ஓட்டம். அப்பா இருந்தவரை எல்லாக் கணக்கும் அவர் மனசில் இருந்தது. எப்போது ஆயில் மாற்றினீர்கள் என்று கேட்டால் "திருவிழாவுக்குக் காப்புக் கட்டின வாரம்" என்பார். அது சரியாகவும் இருக்கும். இப்போது நானும், மாறி மாறி வருகிற இரண்டு டிரைவர்களும்தான்.

போன சம்பாவுக்குச் சேற்றுழவு நடக்கும்போது ரோட்டவேட்டரின் பக்கவாட்டுச் செயின் பெட்டியில் கடகடவென்று சத்தம். நிறுத்திப் பார்த்தால் உள்ளே சொட்டு ஆயில் இல்லை. செயினும் பேரிங்கும் போய்விட்டன. பட்டறையில் நான்கு நாள், 14,000 ரூபாய். அந்த நாலு நாள் வாடகை போனது தனி. கடைசியாக ஆயில் பார்த்தது யார் என்று கேட்டேன். இவர் அவரைக் காட்டினார், அவர் இவரைக் காட்டினார். எனக்கே தெரியாதபோது யாரைத் திட்டுவது?

அப்புறம் ஒரு டைரி வாங்கித் தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன். 11 நாளில் நின்றுவிட்டது. போனில் எழுதலாம் என்றால் கிரீஸ் கையோடு போனைத் தொட யாருக்கும் மனசில்லை. நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்? டிராக்டருக்காவது ஓடிய மணியைக் காட்ட மீட்டர் இருக்கிறது. ரோட்டவேட்டருக்கு மணிக்கணக்கு எப்படிப் பார்ப்பது?

பழைய இரும்பு:

தம்பி, தேதி போட்டு எழுதியதால்தான் டைரி நின்றது. மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் விட்டுவிட்டால் நம் வண்டி ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடும். ஏப்ரலில் கொட்டகையில் கோழி முட்டை போடும். "மூன்று மாசத்துக்கு ஒருமுறை ஆயில்" என்பதற்கு நம் பக்கம் என்ன அர்த்தம்? என் வண்டிக்கு இன்ஜின் ஆயில் 250 மணிக்கு ஒருமுறை. உழவு நேரத்தில் அது 25 நாளில் வந்துவிடும், கோடையில் நாலு மாசம் ஆனாலும் வராது. உன் வண்டிக்கு எத்தனை மணி என்று அதன் கையேட்டில் பார்த்துக்கொள். வரியில் முதலில் மீட்டர், பிறகுதான் தேதி.

மீட்டரையும் கண்ணை மூடி நம்பாதே. பழைய கேபிள் மீட்டர் கடிகாரம் மாதிரி ஓடாது, இன்ஜின் சுற்றைத்தான் எண்ணும். 1500 சுற்றுக்கு அளவு வைத்த மீட்டர் என்றால், நீ 1000 சுற்றில் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் அது 40 நிமிஷம்தான் காட்டும். டிப்பரில் மண் ஏற்ற நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் டீ குடித்துவிட்டு வருகிறார்களே, அந்த நேரமெல்லாம் மீட்டரில் பாதிகூட ஏறாது. ஆயில் மட்டும் கெட்டுக்கொண்டிருக்கும். அதனால் டிப்பர் ஓட்டம் அதிகமாக இருந்த மாசம் நான் 200-லேயே மாற்றிவிடுவேன். ஒரே ஆளாக 22 வருஷமாக ஓட்டுகிறேன், இன்னும் இன்ஜினைப் பிரித்ததில்லை.

ரோட்டவேட்டர் கணக்கு சுலபம். அதற்குத் தனிப் பக்கம். மாட்டும்போது டிராக்டர் மீட்டர் 4312, கழற்றும்போது 4371 என்றால் 59 மணி. கீழே கூட்டிக்கொண்டே வா. பிளேடு மாற்றியது, போல்ட் முறுக்கியது, கியர் பெட்டி ஆயில், செயின் பெட்டி ஆயில், டிராக்டரோடு இணைக்கும் ஷாஃப்ட்டின் கிராஸுக்கு கிரீஸ் எல்லாம் அந்தப் பக்கத்திலேயே. புது பிளேடு போட்டால் இரண்டு மூன்று மணி ஓட்டிவிட்டு போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும். அதை அப்போதே அடுத்த வரியாக எழுதி வைத்துவிடு, இல்லாவிட்டால் மறந்துபோகும்.

உன் ஆயில் எங்கே போனது என்று யோசித்தாயா? இப்போது வைக்கோல் கட்டுகிற மெஷின் எல்லா வயலிலும் நூலை விட்டுவிட்டுப் போகிறது. அது ரோட்டர் முனையில் சுற்றி, ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தை அறுத்துவிடும். எனக்கு இரண்டு முறை ஆச்சு. "நூல் அறுத்தது" என்று என் நோட்டில் ஒரு கட்டமே இருக்கிறது.

ஸ்பானர் 19:

பட்டறைக்காரன் பேசுகிறேன். "ஆயில் பார்த்தேன்" என்று எழுதினால் எனக்குப் பிரயோஜனம் இல்லை. பார்த்தபோது எப்படி இருந்தது என்று எழுதுங்கள். கேஜ் வீல் போட்டுச் சேற்றில் ஓட்டிய பிறகு பின்பக்க ஹவுசிங் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இன்ஜின் ஆயில் அப்படி இருந்தால் வண்டியை நகர்த்தாமல் ஆளைக் கூப்பிடுங்கள். புழுதி உழவு நாளில் ஏர் கிளீனர் கிண்ணத்தில் எத்தனை விரல் சேறு இருந்தது என்று ஒரு வார்த்தை போதும்.

டீசலையும் எழுதுங்கள், டேங்க் நிரப்பி மறுபடி நிரப்பும் வரை. அதே வயல், அதே உழவு, ஏக்கருக்கு ஒரு லிட்டர் கூடினால் ஏர் கிளீனரையோ டீசலைத் தெளிக்கும் நாசிலையோ நான் முதலில் பார்ப்பேன். பாதிப் பேர் வண்டி நின்ற பிறகுதான் வருகிறார்கள்.

செல்வி அக்கா:

எங்கள் வீட்டில் நோட்டு என் கையில். ஆனால் நான் வயலுக்குப் போவதில்லை. டூல் பாக்ஸில் பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு அட்டை, கயிறு கட்டிய பென்சில். பேனா வேண்டாம், ஈரத்தில் எழுதாது. டிரைவர் மீட்டர் எண்ணை எழுதி, கிரீஸ் அடித்தால் ஒரு கோடு போடுவார், அவ்வளவுதான். ராத்திரி நான் பார்த்துப் பெரிய நோட்டில் ஏற்றுவேன். பில்லெல்லாம் அதிலேயே ஒட்டிவைப்பேன்.

ஒன்று சொல்லட்டுமா தம்பி? உங்கள் டைரி நின்றதற்குத் தேதி மட்டும் காரணமாக இருக்காது. எங்கள் டிரைவர் முதல் வாரம் ஒன்றுமே எழுதவில்லை. கேட்டதற்கு, "உடைஞ்சதை எழுதினா சம்பளத்துல பிடிப்பீங்களாக்கா?" என்றார். சம்பளக் கணக்கை வேறு நோட்டுக்கு மாற்றி, அவர் கண் முன்னாலேயே அதை அலமாரியில் வைத்தேன். அதன் பிறகுதான் எழுத ஆரம்பித்தார்.

வடுவூர்க்காரன்:

அக்கா, பிடித்துவிட்டீர்கள். செயின் போன மாசம் ஒருவர் சம்பளத்தில் 2,000 பிடித்தேன். அதை இந்த வாரம் கொடுத்துவிட்டேன், கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அட்டையும் பென்சிலும் கட்டியாச்சு. என் மீட்டரும் கேபிள் மீட்டர்தான், இரும்பு அண்ணே, பார்த்துவிட்டேன்.

நேற்று அட்டையில் மீட்டர் எண்ணுக்குக் கீழே "ரோட்டா இடது பக்கம் ஆட்டம்" என்று எழுதியிருந்தது. காலையில் தூக்கிப் பார்த்தேன். மூன்று பிளேடில் போல்ட் லூஸ், முனையில் ஒரு கை அளவுக்கு நீல நூல்.