வாசிப்பு வட்டத்தில் ஒரு நாவல், இரண்டு பக்கமும் கோபம்

கொக்குவிலில் சனிக்கிழமை பின்னேரங்களில் 13, 14 வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கில வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். இப்போது மடலின் லெங்கிளின் 'எ ரிங்கிள் இன் டைம்'. 1962இல் வந்து, அடுத்த வருடம் அமெரிக்காவின் சிறுவர் இலக்கிய விருதான நியூபெரி பதக்கம் வாங்கிய நாவல். ஐந்தாம் அத்தியாயத்தோடு இழுபட்டு நிற்கிறது.

கதையில் தீமையின் உருவாக வரும் இருளோடு போராடியவர்கள் யார் யார் என்று பெயர் அடுக்கும் இடம் அது. முதலில் இயேசு, பிறகு ஷேக்ஸ்பியர், ஐன்ஸ்டைன், காந்தி, புத்தர் என்று போகும். "இது மதம் மாத்திற புத்தகம்" என்கிறார் ஒரு சைவத் தாய். குருநகர்க் கிறிஸ்தவப் பிள்ளையின் தகப்பனோ, "இயேசுவைக் கொண்டுபோய் அந்த வரிசையிலயோ வைக்கிறது?" என்கிறார். (அமெரிக்காவிலும் இதற்காக முறைப்பாடு எழுந்த புத்தகம்தான்.) பிள்ளைகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கதாநாயகி மெக் தன் தகப்பனை மீட்பாளா என்பதே அவர்கள் கவலை.

அந்தப் பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து இரண்டு வீட்டுக்கும் கொடுத்தேன். கோபம் கூடியதுதான் மிச்சம். தனித்தனியாகவும் கதைத்துப் பார்த்தாயிற்று. சரி, அத்தியாயத்தைத் தாண்டுவோம் என்றால் பிள்ளைகள் விடுகிறார்களில்லை. புத்தகத்தை மாற்ற எனக்கும் மனமில்லை.

இப்படியான ஒரு கதையைப் பெற்றோரையும் பிள்ளைகளோடு இருத்தி வாசித்தவர்கள் இருந்தால், அந்தக் கலந்துரையாடலை எப்படித் தொடங்கினீர்கள்?