புதுப்பிப்பு: முதலாம் ஆண்டு மகளின் தமிழ் வாசிப்பு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பிறை தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்க்கும் நாங்கள், தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு பயிலும் மகளுக்கு வீட்டில் வாசிப்புப் பழக்குவது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். உங்கள் ஆலோசனைப்படி வகுப்பாசிரியையிடம் எங்கள் வேலை நேரத்தை விளக்கினேன். அவர் அந்தந்த வாரத்து எழுத்துகளைக் குரல்பதிவாக அனுப்புகிறார், அவள் தடுமாறும் இடங்களை நாங்கள் குறிப்பேட்டில் எழுதியனுப்புகிறோம். ‘கொ’வை அவள் ‘கெ–ஆ’ என்று பிரித்துப் படிப்பதை எழுதியிருந்தோம். ஆசிரியை உடனே ஒற்றைக்கொம்பு (ெ), கால் (ா) ஆகிய குறிகளைத் தனி அட்டைகளாக வெட்டித் தந்து, ககரத்தின் இருபுறமும் வைத்துக் கூட்டி ஒலிக்கச் சொன்னார். குறிகள் பிடிபட்டால் 216 உயிர்மெய்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும் உகர, ஊகார வரிசைகளுக்கு (கு, கூ போன்றவை) மட்டும் தனிப் பயிற்சி தேவை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியையும் கதை சொல்லச் சொல்லி ஆசிரியை ஊக்குவித்தது எனக்கு மிகுந்த நிறைவளித்தது, ஏனெனில் காதில் விழுந்த சொல்லையே குழந்தை எளிதில் வாசிக்கிறது. மற்ற பெற்றோருக்கும் இவ்வசதி கிடைக்குமாறு பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கேட்டிருக்கிறேன்.